மூன்றில் ஒரு பங்கு பொருளாதாரம்

“விலை கூடினால் தேவை குறையும்” என்று சோடாபுட்டி தூணைப் பார்த்து வாசித்தான்.

“ஆனால், எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தாது” என்று நெட்டை மாடிப்படியைப் பார்த்து வாசித்தான்.

“உதாரணம், உப்பு” என்று நடுவில் உட்கார்ந்திருந்த லீடர் முடித்துவைத்தாள்.

நாளைக்குப் பரீட்சை.

பொருளாதார வாத்தியாரின் வேகத்துக்கு ஒரு மனிதக் கையால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் ஒரே பெஞ்சில் இருந்த மூவரும் வருட ஆரம்பத்தில் ஒரு மகா திட்டம் தீட்டினார்கள். முதல் வாக்கியம் சோடாபுட்டிக்கு, அடுத்தது நெட்டைக்கு, மூன்றாவது லீடருக்கு. ஒரு சொல் சிந்தவில்லை.

சண்டை வரலாம் என்பது மட்டும் அந்த மூளைகளுக்கு எட்டவில்லை.

நெட்டையின் நோட்டைத் தனியாகப் படித்தால் தலை சுற்றும். ‘ஆனால் இது தவறு.’ ‘இருப்பினும் அவர் அதை ஏற்கவில்லை.’ எது தவறு, யார் அந்த அவர் என்பதெல்லாம் சோடாபுட்டியிடம். அவனோடு பேச்சு நின்று இரண்டு மாதம்.

உலக மகா காரணம்தான். சோடாபுட்டியின் புதுச் சட்டையை இரவல் வாங்கி, இஸ்திரி போடுகிறேன் பேர்வழி என்று நெட்டை அதன் முதுகில் ஒரு ஜன்னல் வைத்துவிட்டான். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். “துணியே மட்டம்டா” என்றுதான் வாயில் வந்தது.

நெட்டை அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்த பேனா மக்கர் செய்தது.

“என் பையில இருக்கு. சைடு ஜிப்பு” என்றாள் லீடர்.

நெட்டை எந்தக் காலத்தில் சொன்னதைக் கேட்டான்? நடு ஜிப்பைத் திறந்தான்.

உள்ளே தடியாக ஒரு நோட்டு. ‘விலை கூடினால் தேவை குறையும். ஆனால், எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தாது. உதாரணம், உப்பு.’

புரட்டினான். முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம்வரை, மூன்று பேர் வாக்கியங்களும் வரிசையாக, அவள் கையெழுத்தில். வாரா வாரம் ‘சரிபார்க்கிறேன்’ என்று நோட்டை வாங்கிப்போனது இதற்குத்தானா!

‘நீங்க ரெண்டு பேரும் வரலேன்னா நான் ஃபெயில்டா’ என்று நேற்று அழாத குறையாகக் கெஞ்சியவள்.

ஜிப்பைச் சத்தமில்லாமல் மூடினான்.

“கிடைச்சுதா?”

“இல்ல.”

மாடிப்படியை விட்டுத் தூண் பக்கம் திரும்பினான்.

“டேய், உன் பேனாவைக் குடேன். கருக்கிட மாட்டேன்.”