தலைக்கு மேல் ஒரு முட்டாள்

“தினமும் மத்தியானம் ஒரு குட்டி விமானம் நம்ம கூரைக்கு மேல கத்திக்கிட்டே இறங்குது. அலமாரியில டம்ளரெல்லாம் ஆடுது. எந்த முட்டாள் ஓட்டுறான்?” என்றாள் மனைவி.

பதினெட்டு வருடமாக விமானம் ஓட்டும் கெத்தில் காலை ஆட்டியபடி விளக்கினேன்.

“இறங்குறப்போ புரொப்பெல்லர் லீவரைச் சட்டுனு முன்னால தள்ளக் கூடாதும்மா. தள்ளினா பிளேடெல்லாம் காத்துக்குத் தட்டையாத் திரும்பும், சுத்துற வேகம் எகிறும், கீழ இருக்கிறவங்க காது கிழியும். ஓடுபாதை கிட்ட வந்தப்புறம் மெதுவாத் தள்ளணும். இதுகூடத் தெரியாத மடையன் எவனோ! நான் கண்டிச்சு வைக்கிறேன்.”

மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

“இன்னிக்குச் சத்தம் கேட்டுச்சா?”

“கேக்கவே இல்ல.”

“பாத்தியா? ஒரே திட்டு, ஆள் அடங்கிட்டான். சரி, சாப்பாடு போடு.”

“அடுப்பே பத்த வைக்கலியே.”

“ஏன்?”

“அந்தச் சத்தம் கேட்டா, சரியா அரை மணி நேரத்துல நீங்க வாசல்ல நிப்பீங்க. அதை வச்சுத்தானே தினமும் அடுப்பு பத்த வைக்கிறேன்.”

அசடு வழிய நின்றேன். அவள் சிரிக்கவே இல்லை.

“நாளையிலேருந்து அவரைப் பழையபடியே கத்தச் சொல்லுங்க. பாவம், பசி தாங்க மாட்டார்.”