எட்டில் ஒரு பங்கு கார்

“மேசைய முழுசா இந்தப் பொம்மக் கார் புடிச்சிட்டு. நாங்க எங்க வெச்சுச் சாப்பிடுற, தங்கச்சி?”

அண்ணன் நிஸ்தார் கேட்டதற்கு மபாஸா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சக்கர நாற்காலியை மேசையோடு ஒட்டி நிறுத்திக்கொண்டு, உள்ளங்கை அளவுக் கதவொன்றை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“பொம்ம இல்ல நானா. என்ட கார். அளவுல எட்டுல ஒரு பங்கு.”

அவளுடைய நிஜக் கார், இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மாத்தளை டவுனில் வாகன உதிரிப்பாகக் கடை நடத்தி, ஒன்பது வருஷம் சேமித்து வாங்கியது. அதில் மலையேற்றப் பந்தயம் மூன்று முறை ஓடியிருக்கிறாள். ஒருமுறை கோப்பையும் எடுத்தாள். போன வருஷ மழையில் கடையின் பின்சுவர் இடிந்து அவள் முதுகில் விழுந்தது. உயிர் தப்பியது. கால்களுக்கு அசைவு திரும்பவில்லை.

அன்றிலிருந்து அலுவிகாரையில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: காரை வித்துடு.

“கார் என்ன செஞ்சிச்சு? விழுந்தது சுவர்தானே? சுவர வித்துட்டீங்களா?” என்று கேட்டு அனுப்பிவிடுவாள்.

ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்பு, காரை உக்குவளையில் இருக்கும் சசிக்குமாரின் கராஜுக்கு அனுப்பச் சொன்னாள். அன்றே இந்தச் சின்னக் காரையும் செய்ய ஆரம்பித்தாள். தங்கை ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டாள் என்று நிஸ்தாருக்கு நிம்மதி. காரை வாங்க ஆளும் பார்த்துவிட்டார்.

“பதுர்தீன் ஹாஜியார் வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு வாறார். பெரியத அவருக்குக் குடுப்போம். ஞாபகத்துக்கு இது உன்னோட இருக்கட்டும்.”

“வரச் சொல்லுங்க நானா. என்ட முடிவ அவருக்கு முன்னாலயே சொல்றேன்.”

ஒவ்வொரு ஞாயிறும் சசிக்குமார் வந்தான். சின்னக் காருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான், அளந்தான், போனில் படம் எடுத்துக்கொண்டு போனான். அவன் போனதும் மபாஸா பாதியைப் பிரித்து மறுபடி செய்வாள். ஒரு சின்னக் கம்பி பொருந்தவில்லை என்று மூன்று நாள் அதையே தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.

“மயிரிழை கூடினா என்ன, குறைஞ்சா என்ன? யாருக்குத் தெரியப்போகுது?” என்றார் நிஸ்தார்.

“எனக்குத் தெரியும்.”

வெள்ளிக்கிழமை சசிக்குமார் காரைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினான். பதுர்தீன் ஹாஜியார் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கதவைத் தட்டினார். பிறகு சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். அவருடைய கால் கீழே எதையோ தேடியது.

“என்ன நிஸ்தார் இது? காலுக்கு ஒண்டுமே அம்புடுதில்லியே! பிரேக் எங்க?”

நிஸ்தார் குனிந்து பார்த்தார். பெடல்கள் இருந்த இடத்தைத் தகடு ஒன்று மூடியிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு கைப்பிடிகள்.

“சசி! என்ன வேல பார்த்து வெச்சிருக்க? மேசையில உள்ளத நல்லாப் பார்த்திருந்தா, கார் எப்படி இருந்திச்சுன்னு உனக்கே தெரிஞ்சிருக்குமே!”

“நல்லாப் பார்த்தேங்க,” என்றான் சசிக்குமார்.

மபாஸா நாற்காலியைக் கதவோரம் உருட்டிவந்தாள்.

“பிரேக் இப்ப கைக்கு வந்திட்டு. மன்னிச்சுக்கங்க ஹாஜியார், இது விக்கிற கார் இல்ல. கொஞ்சம் இறங்குங்க. திங்கக்கிழம புது லைசன்ஸுக்குப் பரீட்ச இருக்கு, முத்தத்திலயே பழகணும்.”

அவர் இறங்கினார். தாங்கிப் பிடிக்க வந்த அண்ணனின் கையை விலக்கிவிட்டு, இரண்டு கைகளாலும் ஊன்றி, அவள் தானாகவே இருக்கைக்குள் நகர்ந்தாள்.

“காருக்கடியில வேல செய்ற கராஜ் குழிக்குள்ள என்னால இறங்க ஏலா நானா. அதுதான் மேசையில வெச்சுச் செஞ்சு பார்த்தேன்,” என்றாள் சாவியைத் திருகியபடி. “நான் காரப் பார்த்து அந்தச் சின்னதச் செய்யல்ல. அதப் பார்த்துத்தான் சசி இந்தக் காரச் செஞ்சாரு.”