குறியீட்டு விலை

"ஒண்ணேகால் லட்சம். அதுக்கு மேல ஒரு பைசா தரமாட்டேன்" என்றார் நாணய வியாபாரி.

விற்க வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். மனைவியின் ஆபரேஷனுக்கு மாலைக்குள் மூன்று லட்சம் கட்டியாக வேண்டும்.

"பழைய நாணயங்களுக்கு வருஷா வருஷம் வர்ற விலைக் குறியீட்டுல இதுக்கு நாலு லட்சம்னு இருக்கே சார்!"

"இந்த நாணயம் கடைசியா கைமாறி ஆறு வருஷமாச்சு. எவனோ ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு வருஷா வருஷம் இஷ்டத்துக்கு ஏத்திப் போடறான். அவனையே வாங்கிக்கச் சொல்லுங்க!"

காரையும் விற்றால் ஆபரேஷன் நடந்துவிடும். விற்க வந்தவர் நாணயத்தை வியாபாரியின் பக்கம் நகர்த்தினார்.

வியாபாரி ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். "எங்க வேலை பாக்கறீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தக் குறியீடு போடற ஆபீஸ்லதான். ஏத்திப் போட்டவன் நான்தான் சார்."