ஒரு நட்டுகூட மாறாத வண்டி

"சீரியல்ல ஹீரோ ஓட்டுற பேசும் வண்டி, அச்சு அசலா வேணும். ஒரு நட்டுகூட மாறக் கூடாது" என்றார் இளம்பரிதி. அப்படியே செய்து கொடுத்தேன். சிவப்பு டேங்க், அதிலிருந்த கீறல், ஹேண்டில்பாரில் தொங்கும் எலுமிச்சம்பழம், வண்டியின் குரல், அதன் பிடிவாதம் உட்பட.

மறுநாளே என் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் அவர் மனைவி மேகலா, வேர்த்து விறுவிறுத்து.

"நான் ஏறினா கிளம்ப மாட்டேங்குதுண்ணே."

வண்டியே பதில் சொன்னது: "பின்சீட்டு யாமினிக்கு மட்டும்தான்."

"யாரு அந்த யாமினி?"

"சீரியல் ஹீரோயின்மா. அதுலயும் இது வேற யாரையும் ஏத்தாது. சார்தான் எதையும் மாத்தக் கூடாதுன்னார்."

இளம்பரிதி என்னை முறைத்தார். மேகலா அவரை முறைத்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்: "சீரியல்ல இது யாரு சொன்னா கேக்கும்?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ஹீரோவோட மாமியார் சொன்னா மட்டும்."

மேகலா உடனே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "அம்மா, துணிமணியை எடுத்துட்டு வா. இனிமே நீ எங்களோடதான்."

"இதோ கிளம்பிட்டேன்டி" என்ற குரல் கேட்டதுதான் தாமதம், வண்டி தானாக ஸ்டார்ட் ஆனது.