பொதுச் சொவரு

காயாத சிமெண்டோட ரெண்டு வரிச் செங்கல்லு தடதடன்னு உள்ள விழுந்துச்சு. சன்னல் ஓட்டை வழியா ஒலக்க ஒண்ணு நீட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்தப் பக்கம் சந்துல நின்னு அதப் பிடிச்சிருந்தது பின்வீட்டு ஆரோக்கியம்மாள்.

"ஏலே, இது பொதுச் சொவருலே! என்னையக் கேக்காம எவம்லே சன்னல அடைக்கிறது?"

முத்துவீரன் பல்லக் கடிச்சான். உத்தமபாளையத்துல இந்தப் பழைய பஞ்சுக் குடோன வாங்கி, பாட்டுக் கேசட்டு போட ஒரு ரெக்கார்டிங் தியேட்டர் கட்டச் சொல்லி, அவனக் கூட்டியாந்திருந்தாக ராஜமணி முதலாளி. முதலாளிக்குத் தேனி, இவனுக்குத் தேவதானப்பட்டி. அந்தத் தெருவுல யாரு எவருன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது.

பாடுற ரூம் முடிஞ்சிருச்சு. பின்னால கண்ட்ரோல் ரூம்தான் பாக்கி. நாலு மூலையிலயும் ஸ்பீக்கர் வச்சு, நடுவுல ஒரு ஆளு உக்காந்தா பாட்டு அவனச் சுத்திச் சுத்தி வரணும். அதுக்கு அந்தச் சன்னல்தான் எமன். பாதிப் பாட்டு அது வழியா ஆரோக்கியம்மாள் அடுப்படிக்குப் போயிருது.

"ஆத்தா, அடைச்சா ஒனக்குத்தான நல்லது? இரைச்சல் வராதுல்ல?"

"எனக்கு நல்லது கெட்டது சொல்ல நீ யாருலே? காத்து வர்ற வழிய அடைக்க வந்துட்டான், ஊரு பேரு தெரியாத பய!"

"காத்து வேணும்னா கூரையப் பிரிச்சுப் போட்டுட்டுப் படு!"

"ஓம் வாயில புத்து வைக்க!" ஒலக்க இன்னொரு இடி இடிச்சுச்சு. மிச்சமிருந்த செங்கல்லும் விழுந்துச்சு.

சாயங்காலம் முதலாளி வந்தாக. ஒடஞ்ச கல்லக் கால்ல தள்ளிப் பாத்தாக.

"மெட்ராஸ்ல பெரிய பெரிய தியேட்டர்ல நின்னேன்னு சொன்ன. எல்லாம் எவனோ கட்டுனது. நீயாக் கட்டுற மொத ரூம் இது. ஒரு பொம்பள ஒலக்கைக்குத் தோத்துப்போயி நிக்கிற. தொறப்பு விழாவுக்குள்ள இந்த ஓட்டை அடையலைன்னா வேற ஆள வச்சு முடிச்சிருவேன். வாசல்ல அவம் பேருதான் இருக்கும்."

முத்துவீரன் காலம் பூரா அடுத்தவன் ரூம்ல வயரு இழுத்தவன். ஒரு வாசல்லயாவது தம் பேரு வரணும்னுதான் மெட்ராஸ விட்டே வந்தான்.

மறுநாள் ஒரு மாதா திருவிழாக் கேசட்டுக்கு ஜெயமேரின்னு கம்பத்துப் பொண்ணு வந்து பாடுச்சு. எஸ்டேட் ஜீப் ஓட்டுற அது புருசன் ஒச்சாண்டி முன்வாசல்ல எறக்கி விட்டாரு. முடிஞ்சதும் முன்வாசல்லயே ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. அப்புறம் முத்துவீரன் அந்தப் பாட்ட நாலு ஸ்பீக்கர்லயும் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தான்.

விடிஞ்சதும் சன்னல்ல ஆரோக்கியம்மாள் மொகம்.

"என்னலே பாட்டுப் போடுற? அந்தப் பொண்ணுக்குத் தொண்ட கட்டிக் கெடக்கு. கரகரன்னு இழுக்குது. சித்தரத்தைய ஒரு தட்டுத் தட்டிக் குடுக்க அங்கன ஒரு நாதியில்ல. அத நாலு பக்கமும் கதற விடுறானாம், பெரிய இஞ்சினியரு!"

ஸ்பீக்கரக் கொற சொல்லியிருந்தாக் கூட முத்துவீரன் பொறுத்திருப்பான். பாடுன பொண்ணையே பழிச்சதும் அவனுக்கு உச்சி வரைக்கும் ஏறிருச்சு.

"பாட்டப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? போயி மொளகா அரை, போ!"

அன்னைக்கே கொத்தனாரு பிச்சைமணியக் கூப்பிட்டான். "பொதுச் சொவரத் தொட்டாத்தான ஒலக்க வருது? தொட வேணாம். ஒரு மொழம் தள்ளி, உள்ளயே நம்ம சொவரு ஒண்ண எழுப்பு."

சொவரு எழும்புச்சு. ரெண்டு சொவத்துக்கும் நடுவுல போடியிலருந்து வந்த இலவம் பஞ்ச மூட்டை மூட்டையாத் திணிச்சான். ஆரோக்கியம்மாள் குத்துன குத்தெல்லாம் பஞ்சுக்குள்ள பொதுக்குன்னு போயிப் பொதுக்குன்னு திரும்புச்சு. சந்துல நின்னு அந்தம்மா கத்துற கத்து, உள்ள ஒரு பொட்டுக்கூடக் கேக்கல.

பிச்சைமணிதான் வெளிய போயிப் பாத்துட்டு வந்து சொன்னாரு. "தம்பி, மண்ண வாரித் தூத்திச் சாபம் விடுதுப்பா."

"விடட்டும்ணே. பஞ்சு குடிச்சிரும்."

தொறப்பு விழா அன்னைக்கு ஜெயமேரிதான் பாடுச்சு. தொண்ட சரியாகி, கொரலு மணி மாதிரி இருந்துச்சு. முதலாளி நடு நாற்காலியில உக்காந்து கண்ண மூடுனாக. பாட்டு முன்னால போச்சு, பின்னால வந்துச்சு, தோளுப் பக்கமா ஏறி எறங்குச்சு. கண்ணத் தொறக்காமலே சொன்னாக: "வாசல்ல உம் பேர எழுதச் சொல்லிருலே, முத்துவீரா."

அந்தச் சந்தோசத்துல அவனுக்கு ஒரே ஒரு ஆளு மொகத்தப் பாக்கணும்னு தோணுச்சு. சந்து வழியாச் சுத்திப் பின்பக்கம் போனான். உள்ள பாட்டு ஓடிக்கிட்டிருக்கு, வெளிய ஈ பறக்குற சத்தம்தான். ஆரோக்கியம்மாள் சொவத்துல சாஞ்சு நின்னுச்சு. கையில ஒலக்க இல்ல.

"என்ன ஆத்தா, கேக்குதா?"

"கேக்கல."

"கேக்காது. இனி நீ தலகீழா நின்னாலும் கேக்காது. யாருகிட்ட மோதுன? போ, போயி நிம்மதியாத் தூங்கு."

வசவுக்குக் காதத் தீட்டி வச்சுக்கிட்டு நின்னான். வசவு வரல. அந்தம்மா சொவத்துலருந்து கன்னத்த எடுக்காமலே சொல்லுச்சு:

"எங்கிட்டப் பேசவே மாட்டேன்னு போன மக கொரலுய்யா அது."