நிஜத் தாலி

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். நோயாளிகளின் வழக்கங்களை மதிக்க நர்சுகளுக்குத் தெரிகிறதா என்று பார்க்கும் தேர்வு அது. கட்டிலில் கிடந்த செண்பகம் நோயாளியாக நடிக்க வந்தவள். கழுத்தில் கிடந்தது மட்டும் நிஜத் தாலி.

“ஆபரேஷன்னா என்ன, தாலியக் கழட்டிட்டு வெறுங்கழுத்தோட படுக்க மாட்டேன்” என்றாள், சொல்லிக்கொடுத்தபடியே.

தேர்வுக்கு வந்த நர்ஸ் காந்திமதி தயாராகத்தான் வந்திருந்தாள். மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றை எடுத்தாள். “மொதல்ல இதக் கட்டிடலாம்மா. அப்புறம் அதக் கழட்டிக்கலாம்.”

செண்பகத்தின் கையில் பொய்யாக டிரிப்ஸ் ஒட்டியிருந்தது. “நீங்களே கட்டிவிடுங்க சிஸ்டர்” என்று கழுத்தை நீட்டினாள். காந்திமதி குனிந்தாள். அவளுடைய வெறுங்கழுத்தில் செண்பகத்தின் பார்வை போய் நின்றது.

“வீட்டுக்காரர்...?”

“தவறிட்டார்மா.”

செண்பகம் இரண்டு கைகளாலும் தாலியைப் பொத்திக்கொண்டாள். டிரிப்ஸ் பிய்ந்து தொங்கியது. “வேணாங்க” என்றாள், உதடு மட்டும் அசைய.

கயிற்றின் இரு முனைகளையும் பிடித்தபடி காந்திமதி குனிந்தே நின்றாள். கட்டினால் பாவம். கீழே வைத்தால் தேர்வு போச்சு.

ஒலிபெருக்கி கரகரத்தது. “அந்தம்மா பிரமாதமா நடிக்கிறாங்க. கட்டுங்க சிஸ்டர், டைம் போகுது.”