டேட்டன் வாட்ச்மேன்

அமெரிக்காவில், டேட்டன் நகரத்து முப்பது மாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு நான்தான் வாட்ச்மேன். எம்.எஸ்ஸி. படித்த வாட்ச்மேன். உட்கார்ந்திருப்பது ஆரணியில், ஒரு பட்டுக்கடை மாடியில். சாவியை மறந்தவர்கள் அங்கே மணி அடித்தால், கேமராவில் முகத்தைப் பார்த்து, இங்கிருந்தே பட்டனைத் தட்டிக் கதவைத் திறப்பேன்.

இன்று காலை ஹாரிஸ் என்பவர் மணியை விடாமல் அடித்தார்.

"சாவி உங்கள் கழுத்திலேயே தொங்குகிறது, சார்" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டேன்.

பக்கத்து சீட்டு ஸ்வர்ணலதா விழுந்து விழுந்து சிரித்தாள். "கழுத்துல மாட்டிக்கினே தேடறான் பாரு! இவனெல்லாம் எப்படி சார் குடும்பம் நடத்தறான்?"

நானும் சிரித்தேன்.

மத்தியானம் வேலை முடிந்து வந்து, என் வீட்டு மணியை அடித்தேன். யாரும் திறக்கவில்லை. மறுபடி அடித்தேன்.

"சுகன்யா, ஜல்தி திற. வெயில் கொளுத்துது!"

எதிர்வீட்டுக் கலைமகள் அக்கா வெளியே வந்தார். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, சாவி உன் கையிலதான் கீது. சுகன்யாவோட பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச அன்னிக்கே நான் குடுத்துட்டனே."

கையைப் பார்த்தேன். இருந்தது.

ஹாரிஸுக்காவது திறந்துவிட நான் இருந்தேன்.